அரங்கேற்றத்தை போனில் எடுப்பதென்றால் கேமராவில் எதையெல்லாம் பூட்ட வேண்டும்?

கேள்வி இதுதான்: மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். வீட்டில் ஓர் ஆண்ட்ராய்டு போனும் ஓர் ஐபோனும் இருக்கின்றன. அரங்கில் நடந்த ஒத்திகையை எடுத்துப் பார்த்தால் முகம் வெளுத்துப்போகிறது, பின்திரையில் மங்கலான பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன, படம் நடுநடுவே தானாகவே பளிச்சென்றாகி மறுபடி இருளுகிறது. ரெசொல்யூஷன் (படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை) போதவில்லையோ என்று 4கேவுக்கும், நொடிக்கு 60 ஃபிரேமுக்கும் (ஃபிரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப்படம்) மாற்றியிருக்கிறார்கள். பட்டைகள் இன்னும் மோசமாகிவிட்டன. என்ன செட்டிங் வைத்தால் சரியாகும்?

இந்த மூன்று குறைகளில் ஒன்றுகூட ரெசொல்யூஷனால் வந்ததில்லை. அதனால்தான் அதை ஏற்றியும் பயனில்லை. வீடியோ ஓடும் நேரம் முழுக்க போன் தானாக முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது: எவ்வளவு வெளிச்சம் வேண்டும், வெள்ளை எது, எங்கே ஃபோகஸ், எந்த லென்ஸ், நொடிக்கு எத்தனை ஃபிரேம். பூங்காவில் ஓடும் குழந்தையை எடுக்கும்போது இது பெரிய உதவி. இருட்டு அரங்கில், கறுப்புத் திரைக்கு முன்னால், விளக்குகள் மாறிக்கொண்டே இருக்கும் மேடையில் இதுவேதான் தொல்லை. ஆகவே உங்கள் வேலை பெரிய எண்ணைத் தேடுவது அல்ல. ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்பே இந்த முடிவுகளை நீங்கள் எடுத்து, போன் மனம் மாறாதபடி பூட்டிவிடுவது.

முதலில் முகம் வெளுப்பது. மேடையில் முக்கால்வாசி இடம் கறுப்புத் திரையும் இருட்டும். போன் ஃபிரேமின் மொத்த வெளிச்சத்தையும் சராசரி பார்க்கிறது, "அடடா, ரொம்ப இருட்டாக இருக்கிறதே" என்று எல்லாவற்றையும் தூக்கிவிடுகிறது. திரை சாம்பல் நிறமாகும், ஸ்பாட் லைட்டில் நிற்கும் பெண்ணின் முகம் கண், மூக்கு தெரியாத வெள்ளைத் திட்டாகும். ஓர் உருப்படி (நிகழ்ச்சியில் ஒரு நடனம்) முடிந்து விளக்கை அணைத்தால் இன்னும் தூக்கும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகும். அடுத்த உருப்படிக்கு விளக்கைப் போட்டவுடன் ஒரு கணம் எல்லாம் வெளுத்து, பிறகு தட்டுத்தடுமாறி இறங்கும். நீங்கள் சொன்ன "தானாகப் பளிச்சென்றாவது" இதுதான்.

இதற்கான மருந்து அநேகமாக எல்லா போனிலும் இருக்கிறது. மேடையில் முழு வெளிச்சம் இருக்கும்போது, நடனமணியின் முகம் இருக்கும் இடத்தில் திரையில் விரலை வைத்து இரண்டு மூன்று நொடி எடுக்காமல் அழுத்துங்கள். ஐபோனில் மேலே மஞ்சளாக 'ஏஇ/ஏஎஃப் லாக்' என்று எழுத்து வரும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு பூட்டுச் சின்னம் வரும். வெளிச்சமும் ஃபோகஸும் ஒருசேரப் பூட்டியாகிவிட்டது. அப்புறம் பக்கத்தில் தெரியும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்து, கன்னத்தில் தோலின் நிறம் தெரியும்வரை குறையுங்கள். போன் திரையில் பார்க்க "கொஞ்சம் இருட்டோ" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதுதான் சரியான அளவு. இருட்டாக எடுத்ததைப் பிறகு எடிட்டிங்கில் ஓரளவு தூக்கலாம். வெளுத்துப்போன முகத்தில் தகவலே பதிவாகியிருக்காது, எதைக் கொண்டும் மீட்க முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பூட்டிய பிறகு திரையை வேறெங்காவது ஒரு தட்டு தட்டினால் பூட்டு விடுபட்டுவிடும். பக்கத்தில் உட்காரும் தம்பி, மாமா யாரிடமும் போனைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பட்டைகள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம் புரிந்தால்தான் எந்த எண்ணை வைப்பது என்பது தெரியும்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போய்வருவதால் டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை பிரகாசமாகி மங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, போனின் சென்சாருக்குத் தெரியும். சென்சார் ஒரு ஃபிரேமை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியில் ஆரம்பித்துக் கீழ் வரி வரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகிறது. சில வரிகள் விளக்கு பிரகாசமாக இருக்கும் நேரத்தில் மாட்டும், சில மங்கும் நேரத்தில் மாட்டும். அந்த வித்தியாசம்தான் பட்டை.

இதைத் தவிர்க்க ஒரே வழி, ஒவ்வொரு வரியும் முழுத் துடிப்புகளாகவே வெளிச்சத்தை வாங்க வேண்டும். ஒரு வரி வெளிச்சத்தை வாங்கும் நேரத்துக்குத்தான் ஷட்டர் வேகம் என்று பெயர். அது 1/100 நொடி என்றால் சரியாக ஒரு துடிப்பு. 1/50 என்றால் இரண்டு. எந்த வரியை எப்போது வாசித்தாலும் வெளிச்சம் சமமாக இருக்கும். 1/60 வைத்தால்? ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவு. சில வரிக்கு அதிகம், சில வரிக்குக் குறைவு, உடனே பட்டை. நீங்கள் 60 ஃபிரேமுக்கு மாற்றியபோது நடந்தது இதுதான். நொடிக்கு 60 ஃபிரேம் எடுக்கும்போது ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதே 1/60 நொடி. 1/50 வைக்க இடமே இல்லை. அரங்க இருட்டில் போன் கிடைக்கும் வெளிச்சத்தையெல்லாம் வாங்கப் பார்த்து 1/60இல் போய் நிற்கும். பட்டை வராமல் என்ன செய்யும்?

ஆகவே நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. இதுதான் என் பரிந்துரை. 100ஐ 25ஆல் வகுத்தால் மீதமில்லாமல் 4 வருகிறது. எங்காவது லேசாகப் பட்டை மிஞ்சினாலும் அது ஒரே இடத்தில் நிற்கும், ஓடாது. ஓடாத பட்டையைப் பார்ப்பவர் கவனிக்கவே மாட்டார். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் பழைய தொலைக்காட்சி 25 ஃபிரேமில் ஓடியதற்குப் பின்னாலும் இந்த மின்சாரக் கணக்கு இருக்கிறது. 1982இல் வண்ணத்துக்கு மாறிய தூர்தர்ஷன் எடுத்துக்கொண்ட 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையும் 25 ஃபிரேம்தான். ஐபோன் மெனுவில் இன்றும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போய் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்பதை ஆன் செய்தால்தான் பட்டியலில் 25 ஃபிரேம் கண்ணில் படும். அதே பக்கத்தில் 'ஆட்டோ எஃப்பிஎஸ்' இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். சாம்சங் போன்றவற்றிலும் அதே பெயரில் வீடியோ செட்டிங்கில் இருக்கும். இருட்டானதும் ஃபிரேம் எண்ணிக்கையைப் போன் தன்னிஷ்டத்துக்குக் குறைப்பதற்கு அது பெயர்.

யாழ்ப்பாணம், சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், சிட்னி எல்லாம் 50 ஹெர்ட்ஸ்தான். அங்கேயும் இதே எண்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ். நியூ ஜெர்சியிலோ டொரன்டோவிலோ அரங்கேற்றம் எடுப்பவர் 30 ஃபிரேம், 1/60 வைத்தால் சுத்தமாக வரும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் காணொளிகளில் பாதி "30 வையுங்கள், 1/60 வையுங்கள்" என்று சொல்வது அவர்கள் ஊர் மின்சாரத்துக்குச் சரி. அதை அப்படியே சென்னை சபாவில் வைத்தால் பட்டை நிச்சயம்.

சரி, ஷட்டரை எங்கே மாற்றுவது? ஐபோனில் உள்ள சாதாரண கேமரா செயலியில் வழியே இல்லை. பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், 2023இல் ஐபோனுக்கும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு மாடலுக்கும் கிடையாது. சாம்சங்கின் உயர்ரகப் போன்களில் 'மோர்' பகுதியில் 'ப்ரோ வீடியோ' என்றே இருக்கிறது. இரண்டும் இல்லாத போனில் ஓப்பன் கேமராவை முயலலாம், அதுவும் இலவசம். அதன் செட்டிங்கில் 'கேமரா2 ஏபிஐ' என்பதைத் தேர்ந்தெடுத்தால், போன் அனுமதிக்கும் அளவுக்குக் கைமுறைக் கட்டுப்பாடுகள் திறக்கும். பிளாக்மேஜிக்கில் ஷட்டர் சில நேரம் கோணமாகக் காட்டும். 25 ஃபிரேமில் 180 டிகிரி என்றால் 1/50, 90 டிகிரி என்றால் 1/100. குழப்பமாக இருந்தால் செட்டிங்கில் நொடிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

1/50ஆ 1/100ஆ என்பது நாட்டியத்தையும் விளக்கையும் பொறுத்தது. 1/100இல் பாதி வெளிச்சம்தான் உள்ளே வரும், ஆனால் தீர்மானத்தில் (ஜதியை முடிக்கும் வேகமான அடவுக் கோவை) கை வேகமாகப் போகும்போதும் முத்திரையின் விரல்கள் பிரிந்து தெரியும். 1/50இல் விரல்கள் கொஞ்சம் கலங்கும். பார்க்க இயல்பாகத்தான் இருக்கும். முன்விளக்கு நன்றாக இருக்கும் மேடை என்றால் நான் 1/100 பக்கம்தான் நிற்பேன். விளக்கு மந்தமான பள்ளி அரங்கு, கல்யாண மண்டபம் என்றால் 1/50. போனின் லென்ஸ் துவாரத்தைப் பெரும்பாலான மாடல்களில் மாற்ற முடியாது என்பதால், ஷட்டரைப் பூட்டிய பிறகு வெளிச்சத்துக்கு மிஞ்சியிருப்பது ஐஎஸ்ஓ (வாங்கிய வெளிச்சத்தைப் போன் எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) ஒன்றுதான். முகம் வெளுக்காத அளவில் அதை வைத்துப் பூட்டுங்கள். பிளாக்மேஜிக்கிலும் ஓப்பன் கேமராவிலும் 'ஸீப்ரா' என்று ஒரு வசதி இருக்கிறது, வெளுத்துப்போகும் இடத்தில் கோடு கோடாகக் காட்டும். நெற்றிச்சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் கோடு வந்தால் பரவாயில்லை, நகை மின்னத்தான் செய்யும். கன்னத்தில் வந்தால் ஐஎஸ்ஓவை இறக்குங்கள்.

இத்தனை செய்தும் பட்டை போகவில்லை என்றால் குற்றவாளி மேடையின் எல்இடி பார் விளக்காகவோ பின்னால் இருக்கும் எல்இடி சுவராகவோ இருக்கும். இவை மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் துடிப்பதில்லை, தங்களுக்கென்று ஒரு வேகம் வைத்திருக்கின்றன. அதிலும் பல எல்இடி விளக்குகளை டிம் செய்யும்போது அவை உண்மையில் வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன. லைட்டுக்காரரிடம் போய், "அண்ணே, டிம் பண்ணாம ஃபுல்லா வைங்க, வெளிச்சம் அதிகம்னா ரெண்டு லைட்டை அணைச்சிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அது எந்த செட்டிங்கும் செய்யாத நன்மையைச் செய்யும். அவரிடம் பேசும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: முகத்துக்கு வெள்ளை அல்லது இளமஞ்சள் முன்விளக்கு ஒன்றாவது எப்போதும் எரியட்டும். முழு நீலம், முழுச் சிவப்பு மட்டும் போட்டால் போனின் சென்சாரில் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழியும். மஞ்சள் பட்டும் ஆல்தா என்ற சிவப்புச் சாயம் இட்ட விரலும் தோலும் ஒரே சிவப்புக் குழம்பாகிவிடும். அதற்கு மருந்து கேமராவில் இல்லை.

நிறம் பற்றிப் பேசும்போது ஒயிட் பேலன்ஸையும், அதாவது வெள்ளை எது என்று போன் எடுக்கும் முடிவையும், சொல்லிவிடுகிறேன். ஆட்டோவில் விட்டால் பின்விளக்கு நீலத்துக்கு மாறியதும் போன் முகத்தை மஞ்சளாக்கும், சிவப்புக்கு மாறியதும் பச்சை பாய வைக்கும். கைமுறைச் செயலியில் கெல்வின் எண்ணாக வரும். பழைய ஹாலஜன் விளக்கு மேடை என்றால் 3200 பக்கம், வெள்ளை எல்இடி என்றால் 5000 பக்கம் ஆரம்பித்து, வேட்டியின் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். பாடகரோ மிருதங்க வித்வானோ ஓரத்தில் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருப்பார், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஐபோனின் சொந்தச் செயலியோடு நிற்பவர்கள் ரெக்கார்ட் வீடியோ பக்கத்தில் 'லாக் ஒயிட் பேலன்ஸ்' இருந்தால் ஆன் செய்துகொள்ளலாம்.

இப்போது ரெசொல்யூஷன். 1080பி என்பது 1920க்கு 1080 புள்ளிகள், 4கே என்பது 3840க்கு 2160, அதாவது சரியாக நான்கு மடங்கு. அரங்கேற்றத்துக்கு நான் 4கேதான் சொல்வேன், ஆனால் காரணம் துல்லியம் அல்ல. பரதநாட்டியத்தை எடுக்கும்போது சலங்கை கட்டிய கால் முதல் நீட்டிய கை வரை ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். அரைமண்டியில் பாதம் வெட்டுப்பட்ட வீடியோவை எந்த குருவும் மன்னிக்க மாட்டார். அதனால் அகலமாக எடுக்க வேண்டியிருக்கிறது. 4கேவில் அகலமாக எடுத்து வைத்தால், பதம் என்ற உருப்படியில் அபிநயம் வரும் இடத்தில் முகத்தை மட்டும் பிறகு வெட்டி எடுத்து 1080பியில் காட்டலாம், தெளிவு போகாது. மேடையில் ஸூம் செய்யும் பதற்றமும் இருக்காது.

இடம் எவ்வளவு பிடிக்கும்? ஐபோன் தன் செட்டிங் பக்கத்திலேயே கணக்கு சொல்கிறது: எச்இவிசி என்ற சுருக்கும் முறையில் ஒரு நிமிடத்துக்கு 1080பி 30 ஃபிரேம் சுமார் 60 எம்.பி., 4கே 30 ஃபிரேம் சுமார் 170 எம்.பி., 4கே 60 ஃபிரேம் சுமார் 400 எம்.பி. இரண்டரை மணி நேர நிகழ்ச்சிக்கு 4கே 30இல் 25 ஜி.பி. சொச்சம், 60இல் 60 ஜி.பி. 25 ஃபிரேமில் இன்னும் கொஞ்சம் குறையும். கைமுறைச் செயலிகளில் பிட் ரேட்டை (நொடிக்குப் பதிவாகும் தகவலின் அளவை) நீங்களே கூட்டி வைக்கலாம், அப்போது இந்தக் கணக்கு தாண்டும். எதற்கும் 64 ஜி.பி. காலியாக வைத்துக்கொள்ளுங்கள். 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று பழைய எச்.264 முறைக்கு மாற்றினால் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எச்இவிசிக்கு மெனுவில் உள்ள பெயரான 'ஹை எஃபிஷியன்ஸி'யிலேயே விடுங்கள். வீட்டில் பழைய கணினி திறக்க மறுத்தால் விஎல்சி பிளேயரில் ஓடும். ஆண்ட்ராய்டில் மெமரி கார்டில் பதிவு செய்வதாக இருந்தால் அதில் வி30 அல்லது யு3 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். நொடிக்கு குறைந்தது 30 எம்.பி. எழுதும் என்று அர்த்தம். இல்லையென்றால் போனின் உள் நினைவகமே மேல்.

எச்டிஆரை (பளிச்சென்ற இடமும் இருட்டும் ஒருசேரத் தெரிய வெளிச்ச வீச்சைக் கூட்டும் முறை) அணைத்துவிடுங்கள். ஐபோன் 12 முதல் டால்பி விஷன் எச்டிஆரில் பதிவாகிறது. எடுத்த போனில் பார்க்க அமர்க்களமாக இருக்கும், அதே வீடியோ பாட்டியின் போனில் வெளிறிப்போய் வரும். இரண்டு வெவ்வேறு போன்களின் படத்தை ஒன்றாக ஒட்டப்போகிறவர்களுக்கு எச்டிஆர் தலைவலிதான். சில ஆண்ட்ராய்டு போன்களில் அழகூட்டும் ஃபில்டர் கேட்காமலே வீடியோவிலும் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கண் மையும் புருவமும் கரைந்துபோனால் அபிநயத்தில் என்ன மிஞ்சும்?

ஸூம் விஷயத்தில் போன் ஒரு தந்திரம் செய்யும். 3எக்ஸ் அழுத்தினால் டெலி லென்ஸ் (தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் தனி லென்ஸ்) வரும் என்று நினைப்போம். வெளிச்சம் குறைவாக இருந்தால் பல போன்கள் முக்கிய லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும், ஏனென்றால் டெலி லென்ஸின் சென்சார் சிறியது, இருட்டில் திணறும். கண்டுபிடிப்பது சுலபம்: 3எக்ஸில் வைத்துக்கொண்டு பின்பக்க லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். எதை மூடினால் திரை இருளுகிறதோ அதுதான் வேலை செய்கிறது. நடுவில் வெளிச்சம் மாறினால் லென்ஸும் மாறும், படம் ஒரு குதி குதிக்கும். ஐபோனில் 'லாக் கேமரா'வை ஆன் செய்தால் பதிவு ஓடும்போது லென்ஸ் தாவாது. என்னைக் கேட்டால் முக்கிய லென்ஸ், 1எக்ஸ், வேண்டுமானால் 2எக்ஸ். அதற்கு ஏற்ற இடத்தில் ஸ்டாண்டைப் போடுங்கள். நடுப்பாதையில், முன்வரிசைத் தலைகள் பாதத்தை மறைக்காத உயரத்தில். ஃபோகஸைப் பற்றிக் கவலை வேண்டாம். 25, 30 அடிக்கு அப்பால் முக்கிய லென்ஸில் மேடை முழுவதும் தெளிவாகவே இருக்கும். பூட்டிவைத்தால் போதும், குறுக்கே யாராவது நடந்தாலும் அலையாது.

போன் ஸ்டாண்டில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி) வேண்டாம். மின்னணு ஸ்டெபிலைசேஷன் ஃபிரேமின் ஓரங்களை வெட்டித்தான் வேலை செய்கிறது. அதோடு மேடையில் அசைவது ஒரே ஓர் உருவம் என்பதால், சில நேரம் அந்த அசைவையே கை நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு படத்தை மெல்ல நகர்த்தும். கையில் பிடித்து எடுக்கும் இரண்டாவது போனுக்கு மட்டும் அது இருக்கட்டும்.

இரண்டு போன் இருப்பது நல்ல வசதி. எந்தப் போனில் ஷட்டரைப் பூட்ட முடிகிறதோ அதை அகலக் காட்சிக்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மற்றதை ஒலிக்கு விட்டுவிடுங்கள் என்பேன், இரண்டாவது கோணத்துக்கு அல்ல. ஏனென்றால் அரங்கேற்ற வீடியோக்களில் பெரும்பாலும் கெடுவது ஒலிதான். பின்வரிசையில் இருக்கும் போன் ஸ்பீக்கரின் சத்தத்தையும் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் பக்கத்துச் சீட்டுப் பேச்சையும் சேர்த்து வாங்கும். நட்டுவாங்கத் தாளம் 'டங்' என்று விழும்போது போன் ஒலியளவைச் சட்டென்று இறக்கும், பிறகு மெல்ல ஏற்றும்; பாட்டு மூச்சு வாங்குவது போலக் கேட்கும். இரண்டாவது போனை ஸ்பீக்கர் பெட்டிக்குச் சில அடி தள்ளி, பெட்டியின் வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஓரமாக, ஒரு நாற்காலியில் துண்டு விரித்து அதன்மேல் வைத்து, சாதாரண வாய்ஸ் ரெக்கார்டரை ஓட விடுங்கள். ஒட்டி வைத்தால் ஒலி உடைந்துவிடும். மிக்ஸரிலிருந்து நேரடி ஒலி எடுத்துத் தர சவுண்ட்காரர் ஒப்புக்கொண்டால் இதைவிட மேல். ஆனால் அதில் சலங்கை ஒலி அவ்வளவாக இருக்காது, மேடையில் காலுக்கு மைக் வைக்காவிட்டால். அப்போதும் வீடியோ எடுக்கும் போனின் ஒலியைத் தூக்கி எறியாதீர்கள், லேசாகக் கலந்துகொள்ளலாம்.

படத்தையும் ஒலியையும் எடிட்டிங்கில் சேர்க்கத் தனியாகக் கைதட்ட வேண்டியதில்லை. ஜதியின் முதல் தாளத் தட்டு இரண்டு பதிவிலும் கூர்மையான முள்ளாகத் தெரியும், அதை வைத்துப் பொருத்துங்கள். பொருத்திய பிறகு பத்து நிமிடம் கழித்து உதடும் ஒலியும் விலகுகிறதென்றால் ஃபிரேம் எண்ணிக்கை நிலையாக இல்லை என்று பொருள். ஆட்டோ எஃப்பிஎஸ்ஸை ஆஃப் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனிப் பதிவாக எடுங்கள். அலாரிப்பு முடிந்ததும் நிறுத்தி, ஜதிஸ்வரத்துக்குப் புதிதாகத் தொடங்குங்கள். சாதாரண எம்பி4, எம்ஓவி கோப்புகளில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் கடைசியாக எழுதப்படுகிறது. நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ போன் உறைந்தாலோ அட்டவணை இல்லாமல் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகலாம். இரண்டரை மணி நேரத்தை ஒரே கோப்பில் பணயம் வைக்க வேண்டாம். இங்கே பாஸ் பட்டன் உதவாது; பாஸ் செய்தால் கோப்பு முடிவதில்லை, நிறுத்தத்தான் வேண்டும். வர்ணம் என்ற உருப்படி மட்டும் நீளமாகப் போகும், முக்கால் மணிகூட ஆகலாம். அதற்கு முன் போன் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். உறையைக் கழற்றி வையுங்கள், திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள். பவர் பேங்க் போடுவதானால் வேக சார்ஜிங் இல்லாத சாதாரண கேபிள் போதும். 4கே பதிவும் வேக சார்ஜிங்கும் சேர்ந்தால் போன் கொதித்துத் தானே பதிவை நிறுத்திவிடும்.

தொடங்கும் முன் இரண்டு போனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள். "எங்கே கார் நிறுத்துவது?" என்று கேட்டு ஒரு சித்தப்பா கட்டாயம் கூப்பிடுவார், பல போன்களில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், நிற்காவிட்டாலும் அதிர்வு ஒலியில் விழும். ஃபிளாஷ் ஆஃபில் இருக்கட்டும். லென்ஸை வேட்டி நுனியாலோ கண்ணாடித் துணியாலோ ஒரு முறை துடையுங்கள். விரல் ரேகை படிந்த லென்ஸில் ஸ்பாட் லைட் நட்சத்திரமாகப் பரவும், எந்த செட்டிங் வைத்திருந்தாலும். அப்புறம் கடைசி ஒத்திகையில், அதே உடையில், அதே விளக்கில் ஒரு நிமிடம் எடுத்து வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். போன் திரையில் பட்டையும் புள்ளியும் தெரியாது, 43 அங்குலத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

எடுத்து முடித்த பிறகு கெடுப்பவர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் உங்கள் 4கே போய்ச்சேராது. டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் 2 ஜி.பி. வரை தொடாமல் போகும். கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' ஆனில் இருந்தால் 4கே வீடியோ 1080பியாகக் குறைந்துதான் மேலே ஏறும், அதை நம்பி போனில் உள்ளதை அழித்துவிடாதீர்கள். கேபிள் போட்டுக் கணினிக்கு எடுப்பதே உத்தமம். ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு எடுக்கும்போது போட்டோஸ் செட்டிங்கின் அடியில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோமேட்டிக்'கில் விட்டால் வழியிலேயே வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு பாதியில் நின்றுபோவதும் உண்டு. இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, ஒவ்வோர் உருப்படியும் கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகு போனில் இடத்தைக் காலி செய்யுங்கள்.